உரிமம் தேவையற்ற அலைக்கற்றையில் கைபேசியும் வைஃபையும்: இயந்திரக் கற்றலுக்கு எந்த வேலையைக் கொடுப்பது?

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு கேள்விகள். உரிமம் தேவையற்ற 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையைக் கைபேசி வலையமைப்பும் வைஃபையும் பகிர்ந்துகொள்வதற்கு 'அனுப்பும் முன் கேள்' என்ற விதி ஏற்கெனவே இருக்கும்போது இயந்திரக் கற்றல் எதற்கு என்பது ஒன்று. பெங்களூரில் முதுகலைப் படிப்பின் இறுதியாண்டுத் திட்டப்பணியாக, வலுவூட்டல் கற்றலை (செய்து பார்த்து, கிடைக்கும் வெகுமதியிலிருந்து கற்கும் முறையை) கொண்டு இந்தப் பகிர்வைச் செய்து காட்டலாமா என்பது மற்றொன்று. ஒயிட்ஃபீல்டில் கம்பியில்லாக் கருவிகளைச் சோதிக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயந்திரக் கற்றலுக்கு இங்கே வேலை உண்டு. ஆனால் ஆய்வுக் கட்டுரைகள் பல அதற்குக் கொடுக்கும் வேலை அதற்கு ஏற்றதன்று. சுற்றிலும் எத்தனை பேர் போட்டியிடுகிறார்கள், யார் அனுப்புவது யாருக்குக் கேட்கிறது என்பதை மதிப்பிடச் சொன்னால் அது நன்றாகச் செய்யும். எந்த நொடியில் அனுப்புவது என்ற முடிவையே முழுவதும் அதனிடம் ஒப்படைத்தால், கணினி உருவகப்படுத்தலில் அழகான வரைபடம் கிடைக்கும், அடுக்குமாடிக் குடியிருப்பில் அது நிலைக்காது.

காரணத்தை விளக்க, முதலில் இடத்தின் நெருக்கடியைச் சொல்ல வேண்டும். 2018 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி இந்தியாவில் 5150 முதல் 5350 வரை, 5470 முதல் 5875 வரை என மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமத் தேவையிலிருந்து விலக்கப்பட்டது. தாளில் இது தாராளமாகத் தோன்றும். நடைமுறையில், ரேடார்களோடு பகிரப்படும் நடுப் பகுதியை, அதாவது 52 முதல் 144 வரை எண்ணிட்ட அலைவரிசைகளை, வீட்டு ரவுட்டர்கள் பலவும் தாமாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மீதமிருப்பவற்றில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இயங்க வேண்டுமென்றால் 36 முதல் 48 வரை ஒரு தொகுதி, 149 முதல் 161 வரை இன்னொரு தொகுதி, அவ்வளவுதான். மாரத்தஹள்ளியிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ ஏதாவதொரு குடியிருப்பின் நடுத்தளத்தில் நின்று மடிக்கணினியில் ஒரு வைஃபை அலசியை ஓடவிட்டுப் பாருங்கள். எல்லோரும் அந்த இரண்டு தொகுதிகளில்தான் குவிந்திருப்பார்கள். 605 என்ற எண்ணை வைத்துக்கொண்டு 'காலியான அலைவரிசைக்கு மாறிக்கொள்ளலாம்' என்று தொடங்கும் கட்டுரைகளை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

அப்படிக் குவிந்திருக்கும் இடத்தில் வைஃபை எப்படி நடந்துகொள்கிறது? அது குழாயடியில் வரிசை காக்கும் பழக்கமுடையது. அலைவரிசை 34 மைக்ரோ விநாடி அமைதியாக இருக்கிறதா என்று கேட்கும். பிறகு 0 முதல் 15 வரையான எண்களில் ஒன்றைக் குலுக்கல் முறையில் எடுத்து, அத்தனை 9 மைக்ரோ விநாடிகள் காத்திருக்கும். இடையில் வேறு யாராவது அனுப்பத் தொடங்கினால் எண்ணிக்கையை நிறுத்திவைத்துப் பிறகு தொடரும். மோதல் நேர்ந்தால் அந்தக் குலுக்கல் வரம்பை இரட்டிப்பாக்கி, தேவைப்பட்டால் 1023 வரை கொண்டுபோகும். 4ஜி கைபேசித் தொழில்நுட்பமான எல்டிஇயின் இயல்பு இதற்கு நேர்மாறானது. தனக்கென்று பணம் கட்டி வாங்கிய அலைக்கற்றையில், அடிப்படை நிலையமே எல்லாவற்றையும் திட்டமிட்டு, 1 மில்லி விநாடித் துணைச் சட்டகங்களாக நேரத்தை வெட்டி, யாரையும் கேட்காமல் அனுப்புவதற்காக உருவாக்கப்பட்டது அது.

இந்த இரண்டையும் ஒரே இடத்தில் வைக்க இரண்டு வழிகள் முன்வைக்கப்பட்டன. 2014-இல் வெரைசன் நிறுவனம் சில கருவி உற்பத்தியாளர்களோடு சேர்ந்து தொடங்கிய மன்றம் வகுத்த எல்டிஇ-யூ முறையில், அடிப்படை நிலையம் சிறிது நேரம் அனுப்பும், சிறிது நேரம் அணைந்திருக்கும். அணைந்திருக்கும்போது சுற்றுப்புறத்தைக் கேட்டு, அடுத்த சுற்றில் எவ்வளவு நேரம் அனுப்பலாம் என்று தீர்மானிக்கும். ஒவ்வொரு முறை அனுப்புவதற்கு முன்பும் கேட்கும் கடமை அதற்கு இல்லை. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் கேட்டுவிட்டு அனுப்புவது சட்டக் கட்டாயம் என்பதால் அங்கே இது பொருந்தவில்லை. அமெரிக்காவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசி 2017 பிப்ரவரியில் இத்தகைய கருவிகளுக்கு அனுமதி அளித்தது. இதன் சிக்கல் வெறும் நேரப் பங்கீடு அன்று. எல்டிஇ-யூ அனுப்பத் தொடங்கும் நொடியில் நடுவழியில் இருக்கும் வைஃபைச் சட்டகம், அதாவது ஒரே வீச்சில் அனுப்பப்படும் தரவுத் தொகுதி, சிதையும். அது ஏன் சிதைந்தது என்று வைஃபைக்குத் தெரியாது. குறிகை பலவீனம் போலும் என்று கருதி, அதன் வேகத் தேர்வு நெறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகம் குறைந்தால் அதே தரவுக்கு அதிக நேரம் பிடிக்கும். அதிக நேரம் பிடித்தால் அடுத்த தொடக்கத்தில் மறுபடியும் சிக்கும் வாய்ப்பு கூடும். ஆகவே 50 விழுக்காடு நேரத்தை விட்டுக்கொடுத்தாலும் வைஃபைக்கு 50 விழுக்காடு பயன் கிடைப்பதில்லை.

மற்றொரு வழி, கைபேசித் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு 2016-இல் முடித்த 13-ஆம் வெளியீட்டில் வந்த எல்ஏஏ. இதில் கேட்டுவிட்டு அனுப்பும் விதி முறையாக உண்டு. 2020-இல் நிறைவடைந்த 16-ஆம் வெளியீட்டின் என்ஆர்-யூ இதன் 5ஜி வாரிசு. நீங்கள் குறிப்பிடும் 'விதி' இதுதான். விதி இருப்பது உண்மை. ஆனால் இரு தரப்புக்கும் அது ஒரே விதியாக இல்லை என்பதை எண்களில் பார்க்க வேண்டும். இன்னொரு வைஃபையின் முகப்புக் குறிகையை இனங்கண்டால் வைஃபை மைனஸ் 82 டிபிஎம் (குறிகையின் ஆற்றலை அளக்கும் அலகு) அளவிலேயே ஒதுங்கிவிடும். ஆனால் இனந்தெரியாத ஆற்றலாக வந்தால், எல்டிஇ அதற்கு அப்படித்தான் தெரியும், மைனஸ் 62 டிபிஎம்மைத் தாண்டினால்தான் ஒதுங்கும். இந்த 20 டெசிபெல் வேறுபாடு ஆற்றலில் நூறு மடங்கு. எல்ஏஏயோ 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பொதுவாக மைனஸ் 72 என்ற நடுக்கோட்டில் நிற்கிறது. ஆக, மைனஸ் 75-இல் கேட்கும் வைஃபையின் மீது எல்ஏஏ தயங்காமல் அனுப்பும்; மைனஸ் 65-இல் கேட்கும் எல்ஏஏயின் மீது வைஃபை தயங்காமல் அனுப்பும். இரண்டுமே விதிப்படி நடந்து இரண்டுமே கெடுகின்றன.

தோல்வியை அறியும் விதத்திலும் இதே ஏற்றத்தாழ்வு உண்டு. ஒப்புகை (கிடைத்துவிட்டது என்ற பதில்) வரவில்லை என்று வைஃபைக்குச் சில பத்து மைக்ரோ விநாடிகளில் தெரிந்துவிடும், ஒரே ஒரு தோல்விக்கும் அது வரம்பை இரட்டிப்பாக்கும். எல்ஏஏக்குக் கைபேசிகளின் பதில் பல மில்லி விநாடிகள் கழித்துத்தான் வரும். குறிப்பிட்ட துணைச் சட்டகத்துக்குரிய பதில்களில் 80 விழுக்காடாவது தோல்வியாக இருந்தால்தான் வரம்பு கூடும். போதாக்குறைக்கு, இடம் கிடைத்தாலும் அரை மில்லி விநாடி எல்லைக்காகக் காத்திருக்க வேண்டியிருப்பதால், பிறர் புகாதபடி பொருளற்ற ஒரு நிரப்புக் குறிகையை அது அனுப்பிக்கொண்டிருக்கும். என்ஆர்-யூவில் தொடக்கப் புள்ளிகள் அதிகம் என்பதால் இந்த வீணடிப்பு குறைகிறது.

எது நியாயமான பகிர்வு என்பதற்கு 3ஜிபிபி 2015-இல் வைத்துக்கொண்ட வரையறை புத்திசாலித்தனமானது: அதே அலைவரிசையில் இன்னொரு வைஃபை வந்திருந்தால் ஏற்கெனவே இருக்கும் வைஃபைக்கு எவ்வளவு பாதிப்போ, அதைவிட அதிகமாக எல்ஏஏ பாதிக்கக் கூடாது. அளவுகோல்கள் தரவு வேகமும் தாமதமும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டும்.

இனி கற்றலுக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டில் இத்தாலியரான ஜுசெப்பே பியாஞ்சி, வைஃபையின் போட்டி முறையை ஒரு மார்க்கோவ் சங்கிலியாக (ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு நிகழ்தகவோடு தாவும் கணித மாதிரியாக) எழுதி, எல்லோரும் இடைவிடாமல் அனுப்ப விரும்பும் நிலையில் கிடைக்கும் வேகத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். உங்கள் ஊரிலேயே, இந்திய அறிவியல் கழகத்தில், பேராசிரியர் அனுராக் குமாரும் கூட்டாய்வாளர்களும் 2000-களின் நடுவில் அதை நிலைப்புள்ளிப் பகுப்பாய்வாகப் பொதுமைப்படுத்தினார்கள். வலுவூட்டல் கற்றலைத் தொடுவதற்கு முன் இந்த இரண்டையும் படித்துவிடுங்கள் என்பது என் வேண்டுகோள். ஏனென்றால் அவற்றிலிருந்து கிடைக்கும் ஒரு முடிவு உங்கள் திட்டத்தின் பாதியைத் தீர்மானித்துவிடும்: ஒரு மோதல் எவ்வளவு நேரத்தை விழுங்கும் என்பது தெரிந்தால், உகந்த அனுப்பு நிகழ்தகவு போட்டியாளர்களின் எண்ணிக்கைக்கு ஏறத்தாழத் தலைகீழ் விகிதத்தில் அமைகிறது. ஒரு மோதல் நூறு துண்டு நேரங்களை, அதாவது 900 மைக்ரோ விநாடிகளை, வீணாக்கும் என்று வைத்துக்கொண்டால், 5 பேர் இருக்கும்போது ஏற்ற குலுக்கல் வரம்பு 70-ஐ ஒட்டியும், 10 பேர் இருக்கும்போது 140-ஐ ஒட்டியும் வரும். தெரியாதது எண்ணிக்கை ஒன்றுதான். பல மணி நேரம் பயிற்சி பெற்ற நரம்பு வலையமைப்பு இறுதியில் கண்டுபிடித்துத் தரும் 'உகந்த வரம்பு', இந்தச் சூத்திரத்தை ஒரு வரியில் போட்டால் கிடைப்பதாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அந்த எண்ணிக்கையை மதிப்பிடுவதும் புதிய யோசனை அன்று. பியாஞ்சியும் டின்னிரெல்லோவும் 2003-லேயே கால்மன் வடிகட்டியை (இரைச்சல் கலந்த அளவீடுகளிலிருந்து உண்மை மதிப்பை மதிப்பிடும் கணித முறையை) கொண்டு, காணப்படும் மோதல் விகிதத்திலிருந்து போட்டியாளர் எண்ணிக்கையை மதிப்பிட்டுக் காட்டினார்கள். ஆகையால் உங்கள் கற்றல் நெறி வெல்ல வேண்டிய எதிராளி 'எதுவும் செய்யாத எல்ஏஏ' அல்லன்; அந்தக் கால்மன் வடிகட்டிதான்.

அப்படியானால் கற்றலுக்கு இடம் எங்கே? சூத்திரத்தின் அனுமானங்கள் உடையும் இடங்களில். எல்லோரும் எல்லோரையும் கேட்கிறார்கள் என்பது ஓர் அனுமானம். மூன்றாவது மாடிக் கூடத்தின் ரவுட்டரும் எதிர்ச் சாலையில் கம்பத்தில் நிற்கும் சிறிய கைபேசி நிலையமும் ஒன்றையொன்று கேட்காமல், நடுவில் பால்கனியில் நிற்பவரின் கைபேசி மட்டும் இரண்டையும் கேட்கும் நிலையில் அது உடைகிறது. எல்லோருக்கும் எப்போதும் தரவு இருக்கிறது என்பது இன்னோர் அனுமானம். மாலையில் படம் பார்க்கும் வீடும் பகலில் காணொளிக் கூட்டத்தில் இருக்கும் வீடும் அப்படி நடந்துகொள்வதில்லை. மேலே சொன்ன மூன்று வெவ்வேறு கேட்பு அளவுகளும் அந்தச் சங்கிலியில் இடம்பெறவில்லை. இங்கெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒரு நிலையை, கிடைக்கும் அரைகுறைத் தடயங்களிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. தரவிலிருந்து கற்பது இதற்குப் பொருத்தமான கருவி.

இந்த வழியில் சென்றவற்றுள் எனக்குப் பிடித்தது, மோனிஷா கோஷ் இடம்பெற்றிருந்த சிகாகோ பல்கலைக்கழகக் குழு 2020-ஐ ஒட்டி வெளியிட்ட ஆய்வு. எல்டிஇ-யூவின் நெறிப்படி, அலைவரிசையில் ஒரு வைஃபை அணுகுநிலை (ரவுட்டர் போன்ற வைஃபை நிலையம்) இருந்தால் நிலையம் 50 விழுக்காடு நேரம் அனுப்பலாம்; இரண்டு இருந்தால் 33 விழுக்காட்டுக்கு இறங்க வேண்டும். இருப்பது ஒன்றா இரண்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வைஃபைச் சட்டகத்தின் முகப்பைப் படித்தால் துல்லியமாகத் தெரியும், ஆனால் அதற்குக் கைபேசி நிலையத்துக்குள் ஒரு வைஃபை ஏற்பியும் இருக்க வேண்டும். ஆற்றலை மட்டும் அளந்து ஒரு கோட்டோடு ஒப்பிட்டால் மலிவு, ஆனால் பிழை அதிகம். அந்தக் குழு, நிலையம் அணைந்திருக்கும் நேரத்தில் பதிவான ஆற்றல் அளவீடுகளின் தொடரையே ஒரு வகைப்படுத்தும் நெறிக்குக் கொடுத்து, எளிய ஆற்றல் கோட்டைவிட நன்றாக எண்ணிக்கையைப் பிரித்தறியலாம் என்று காட்டியது. கற்றல் நெறி எதையும் ஆளவில்லை என்பதைக் கவனியுங்கள். ஓர் எண்ணை மதிப்பிட்டது. அந்த எண்ணை வைத்து என்ன செய்வது என்பதை, எவரும் படித்துச் சரிபார்க்கக்கூடிய ஒரு விதி தீர்மானித்தது. மதிப்பீடு தவறினாலும் விளைவு 50-க்கும் 33-க்கும் இடையில்தான் அலையும்.

இந்த ஆய்வை நம் குடியிருப்புகளுக்குக் கொண்டுவரும்போது ஒரு தொல்லை உண்டு. இன்றைய ரவுட்டர் ஒன்றே வீட்டுக்கு ஒரு பெயர், விருந்தினருக்கு ஒரு பெயர் என்று பல வலையமைப்புகளை அறிவிக்கும். ஒவ்வொரு பெயருக்கும் வழக்கமாக 102.4 மில்லி விநாடிக்கு ஒருமுறை தனி அறிவிப்புச் சட்டகம் போகும். பெயர்களை எண்ணினால் அண்டை வீட்டார் இரட்டிப்பாகத் தெரிவார்கள். அறிவிப்பு மட்டும் அனுப்பிக்கொண்டு தரவே அனுப்பாத ரவுட்டருக்காக நேரத்தை விட்டுக்கொடுப்பதும் வீண். உண்மையில் மதிப்பிட வேண்டியது சுமையோடு போட்டியிடுபவர்களின் எண்ணிக்கை. இதை ஒட்டி ஒரு நல்ல திட்டப்பணி காத்திருக்கிறது.

அடுத்த படி, வரம்புகளைச் சரிசெய்வது: அனுப்பு நேர விழுக்காடு, கேட்பு அளவு, குலுக்கல் வரம்பு ஆகியவற்றை விதி அனுமதிக்கும் எல்லைக்குள் அனுபவத்தால் மாற்றிக்கொள்வது. பல தெரிவுகளை முயன்று பார்த்துச் சிறந்ததை நாடும் 'பல கைச் சூதாட்ட' நெறிகளும், வலுவூட்டல் கற்றலின் எளிய வடிவமான க்யூ-கற்றலும் இதற்குப் போதும்; ஆழ் வலையமைப்பு தேவைப்படும் இடங்கள் அரிது. இந்த வேலைக்கு ஏற்ற கால அளவும் தெளிவாக இருக்கிறது. கைபேசி வலையமைப்புக்கான திறந்த கட்டமைப்பான ஓ-ரானில் 10 மில்லி விநாடி முதல் 1 விநாடி வரையான முடிவுகளுக்கு ஒரு கட்டுப்படுத்தியும், அதற்கும் மெதுவானவற்றுக்கு இன்னொன்றும் வகுக்கப்பட்டிருக்கின்றன. 9 மைக்ரோ விநாடித் துண்டுகளில் நடக்கும் முடிவு இந்த இரண்டுக்கும் கீழே, சில்லுக்குள் நடக்கிறது. அங்கே போய் ஒரு நரம்பு வலையமைப்பின் பதிலுக்காகக் காத்திருக்க முடியாது.

முடிவையே கற்றலிடம் விடும் ஆய்வுகளும் இருக்கின்றன. அவற்றின் மூளைத்திறனை நான் மறுக்கவில்லை. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தின் சவுங் சாங் லியூ குழு, ஆழ் வலுவூட்டல் கற்றலால் இயங்கும் ஒரு முனை, அண்டையில் இருப்பது நேர ஒதுக்கீட்டு முறையா, கேட்காமலே அனுப்பும் ஆலோஹா முறையா என்று சொல்லப்படாமலேயே இடைவெளிகளைக் கண்டுபிடித்து அனுப்பக் கற்றுக்கொள்வதைக் காட்டியது. ஆனால் அந்த ஆரம்ப ஆய்வுகளில் எல்லோரும் ஒரே துண்டு நேரத்துக்கு ஒத்திசைந்து நின்றார்கள். உரிமம் தேவையற்ற அலைக்கற்றையில் அப்படி ஒத்திசைக்க யாருக்கும் யார்மீதும் அதிகாரம் இல்லை.

பெரிய ஆபத்து, கற்றலுக்குக் கொடுக்கும் வெகுமதியில் இருக்கிறது. மொத்தத் தரவு வேகத்தை வெகுமதியாக வைத்தால் நெறி விரைவில் ஒன்றைக் கண்டுகொள்ளும்: வைஃபை மோதலுக்குப் பின் ஒதுங்கும் குணமுடையது, ஆகவே இரண்டு மூன்று முறை மோதிவிட்டால் அதன் வரம்பு விரிந்து, அது நெடுநேரம் வாய் திறக்காது. அண்டை வீட்டாரின் பண்பையே அவர்களுக்கு எதிராகப் பயன்படுத்தும் இந்த உத்தியை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நியாயத்தையும் வெகுமதியில் சேர்க்கலாம் என்பீர்கள். சேர்க்கலாம்தான், ஆனால் வைஃபைக்கு எவ்வளவு தாமதம் நேர்ந்தது என்பது கைபேசி நிலையத்துக்குத் தெரியாது. உருவகப்படுத்தலில் அது தெரிகிறது, ஏனென்றால் இரண்டையும் எழுதியவர் நீங்களே. இரண்டு நிறுவனங்களின் இரண்டு கற்றல் நெறிகள் ஒரே கட்டடத்தில் இயங்கினால் நிலைமை இன்னும் சிக்கலாகும். ஒன்று கற்கும்போது மற்றொன்றின் சூழல் மாறுகிறது, எதுவும் நிலைகொள்வதில்லை.

இந்தச் சிக்கலை நேருக்கு நேர் சந்தித்த முயற்சி, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான டார்ப்பா 2016 முதல் 2019 வரை நடத்திய அலைக்கற்றைக் கூட்டுறவுப் போட்டி. 256 மென்பொருள் வானொலிகளை (மென்பொருளால் இயக்கப்படும் ரேடியோக் கருவிகளை) கொண்டு உண்மையான ரேடியோச் சூழலைப் போலவே இயங்கும் கொலோசியம் என்ற மாபெரும் சோதனைக் களத்தில் அணிகளின் வலையமைப்புகள் ஒரே அலைக்கற்றையில் இயக்கப்பட்டன; 2019 அக்டோபரில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் கேட்டர்விங்ஸ் அணி 20 லட்சம் டாலர் பரிசை வென்றது. எனக்கு அதில் முக்கியமாகப் பட்டவை, மதிப்பெண்ணை வகுத்த விதமும் அணிகளின் கருவிகள் தங்களுக்குள் பேச ஒரு தனிப் பாதை அமைத்துக் கொடுத்ததும். பிற வலையமைப்புகள் நலிந்தால் தன் மதிப்பெண்ணும் அடிபடும் என்பதால் விட்டுக்கொடுப்பது ஆதாயமானது. வைஃபைக்கும் கைபேசிக்கும் இடையில் அப்படியொரு பேச்சுப் பாதை இன்று இல்லை.

'இந்தியாவில் எல்ஏஏயே பரவவில்லையே, இதற்கு இங்கே என்ன தேவை' என்று உங்கள் வழிகாட்டி கேட்கக்கூடும். கேள்வி சரியானதே. ஆனால் கூரையில் ஆன்டெனா பொருத்தி வீட்டு இணையம் தரும் சேவைகள், கடைசித் தொலைவுக்கு இதே 5 கிகாஹெர்ட்ஸைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. கீழே வைஃபை, மேலே அதே அலைவரிசையில் திட்டமிட்டு அனுப்பும் இணைப்பு என்ற நிலை வந்துவிட்டால் பெயர் எதுவானாலும் சிக்கல் ஒன்றுதான். 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையான பகுதியைக் குறைந்த ஆற்றல் பயன்பாட்டுக்கு உரிமமின்றித் திறப்பதற்கான வரைவு விதிகளும் 2025 மே மாதம் வெளியாயின. அங்கும் ஒரு தரப்பு மட்டுமே குடியேறும் என்று எதிர்பார்க்கக் காரணமில்லை.

ஆகவே திட்டப்பணியை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள். கண்காணிப்பு நிலையில் (சுற்றிலுள்ள எல்லாச் சட்டகங்களையும் கேட்கும் நிலையில்) இயங்கக்கூடிய சாதாரண வைஃபை அட்டை ஒன்றும், மலிவான மென்பொருள் வானொலி ஒன்றும் போதும். அட்டை தரும் முகப்புத் தகவல் உங்கள் விடைத்தாள். வானொலி தரும் ஆற்றல் தொடர் உங்கள் உள்ளீடு. முகவரிகளைச் சேமிக்காமல் எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு அழித்துவிடுங்கள். அவை அண்டை வீட்டாருடையவை. ஒரு கட்டடத்தில் பயிற்றுவித்ததை முற்றிலும் வேறான கட்டடத்தில் சோதியுங்கள்: ஜெயநகரின் தனி வீடுகளும் மாரத்தஹள்ளியின் அடுக்குமாடியும் ரேடியோவுக்கு இரண்டு வேறு ஊர்கள். ஒரே இடத்துத் தரவைக் கலைத்துப் பிரித்துச் சோதித்தால் வரும் துல்லியத்தை நான் கணக்கில் எடுக்கமாட்டேன். பிறகு அந்த மதிப்பீட்டை, வலையமைப்புகளைக் கணினியில் உருவகப்படுத்தும் என்எஸ்-3 மென்பொருளில் ஓர் எல்ஏஏ நிலையத்துக்குக் கொடுத்து, அது சூத்திரப்படி வரம்பை மாற்றும்படி செய்யுங்கள். ஒப்பீட்டுக்குக் கால்மன் வடிகட்டி, மாறாத வரம்பு, சரியான எண்ணிக்கையை முன்கூட்டியே அறிந்த கற்பனை நிலையம் ஆகிய மூன்றும் இருக்கட்டும். கடைசியானது, எவ்வளவுதான் நன்றாக மதிப்பிட்டாலும் எட்டக்கூடிய உச்சம் எது என்பதைக் காட்டிவிடும். சராசரி வேகத்தோடு நிறுத்தாமல், வைஃபைப் பயனர்களின் தாமதத்தில் 95-ஆம் விழுக்காட்டு நிலையை (நூற்றில் 95 தாமதங்கள் எதற்குள் அடங்குமோ அந்த அளவை) கட்டாயம் கொடுங்கள், காணொளி அழைப்பு அறுந்துபோவது அங்கேதான். எல்லாம் முடிந்தபின் எல்ஏஏ நிலையத்தை நீக்கிவிட்டு, அதே இடத்தில் அதே சுமையோடு ஒரு வைஃபை அணுகுநிலையை வைத்து மறுபடி ஓட்டி, அந்த எண்ணையும் பக்கத்திலேயே எழுதுங்கள். மேலே சொன்ன 2015 வரையறைப்படி உங்கள் முறை தேறியதா இல்லையா என்பது அந்த இரண்டு எண்களின் வேறுபாட்டில்தான் இருக்கிறது. வாய்மொழித் தேர்வில் விவரமறிந்தவர் முதலில் கேட்பதும் அதையே.